அத்தியாயம் 7: கோட்டுக்கு வெளியே ஐந்து விநாடி

சிக்கலான த்ரோ-இன்களைத் தீர்ப்பது எப்படி?

விசில் ஊதியாகிவிட்டது. கடிகாரம் நிற்கிறது. பந்து நடுவரின் கையில் இருக்கிறது. புதிய நடுவர்கள் பலர் இந்த நேரத்தில்தான் மூச்சு வாங்கிக்கொள்கிறார்கள். உண்மையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனிக்க வேண்டிய நேரம் இதுதான். ஒருவர் களத்துக்கு வெளியே, ஒன்பது பேர் உள்ளே. கடிகாரம் ஓடத் தொடங்கும் முன்பே பந்து லைவாகிவிடுகிறது. ஃபவுல் நடக்கலாம், விதிமீறல் நடக்கலாம், ஒரு விநாடிகூடக் கழியாமல் ஆட்டத்தின் முடிவே மாறலாம்.

த்ரோ-இன்னில் நடக்கக்கூடிய விசித்திரங்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்ய முடியாது. பட்டியலில் இல்லாத ஒன்று அடுத்த ஆட்டத்திலேயே நடக்கும். ஆனால் எந்தச் சிக்கலையும் நான்கு கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பிரித்துவிட முடியும். அந்தப் பழக்கத்தை உண்டாக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். இங்கே சொல்லப்படும் தீர்ப்புகள் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதிகளின்படியானவை. நம் ஊர் மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்கும் அவையே அடிப்படை. என்பிஏ விதி வேறுபடும் இடங்களில் அதைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன். தொலைக்காட்சியில் என்பிஏ பார்த்து வளர்ந்த வீரர்கள் உங்களிடம் வாதாடப்போவது அந்த இடங்களில்தான்.

நான்கு கேள்விகள்

1. பந்து எறிபவர் வசம் வந்துவிட்டதா?
2. பந்து அவர் கையை விட்டுப் போய்விட்டதா?
3. களத்துக்குள் இருக்கும் யாராவது அதை முறைப்படி தொட்டார்களா?
4. தொட்டவர் யார், அப்போது அவர் கால் எங்கே இருந்தது?

முதல் கேள்விக்கு ‘ஆம்’ என்றதும் த்ரோ-இன் தொடங்கிவிட்டது. ஐந்து விநாடி எண்ணிக்கை அங்கேயே தொடங்குகிறது. அதோடு, பந்து அந்த அணியின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டதாகவும் ஃபிபா விதி கருதுகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை அடிக்கோடிட்டு வையுங்கள். பின்னால் பல முடிச்சுகளை இதுதான் அவிழ்க்கும். மூன்றாவது கேள்விக்கு ‘ஆம்’ என்றதும் த்ரோ-இன் முடிகிறது, ஆட்டக் கடிகாரமும் ஷாட் கிளாக்கும் ஓடத் தொடங்குகின்றன. இந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில்தான் எல்லாக் குழப்பமும்.

எறிபவர் செய்யக்கூடியதும் கூடாததும்

எறிபவர் ஐந்து விநாடிக்குள் பந்தை விடவேண்டும். பந்தைக் கையில் வைத்தபடி களத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. குறித்த இடத்திலிருந்து பக்கவாட்டில், இரு திசையும் சேர்த்து, மொத்தம் 1 மீட்டருக்கு மேல் நகரக் கூடாது. பின்னால் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். எறிந்த பந்தை வேறொருவர் தொடும் முன் தானே களத்துக்குள் தொடக் கூடாது. எறிந்த பந்து நேராகக் கூடைக்குள் போகவும் கூடாது. விதி இவ்வளவுதான். அதன் ஓரங்களில் வரும் சிக்கல்களைப் பார்ப்போம்.

*சூழல் 1.* எறிபவரின் கால் பக்கக்கோட்டை மிதித்திருக்கிறது. பார்வையாளர்கள் கத்துகிறார்கள்.

தீர்ப்பு: தவறில்லை. எல்லைக்கோடு களத்தைச் சேர்ந்ததல்ல. கோட்டின் மேல் நிற்பவரும் வெளியே நிற்பவர்தான். கோட்டைத் தாண்டி உள்ளே கால் பட்டால்தான் விதிமீறல்.

*சூழல் 2.* எறிபவர் பந்தைத் தரையில் ஒருமுறை தட்டிப் பிடிக்கிறார்.

தீர்ப்பு: எங்கே தட்டினார் என்று பாருங்கள். களத்துக்கு வெளியே தட்டிப் பிடித்தால் தவறில்லை, ஐந்து விநாடி எண்ணிக்கை நிற்காமல் தொடரும். களத்துக்குள் தட்டித் தானே பிடித்தால் விதிமீறல், ஏனென்றால் பந்து கையை விட்டு உள்ளே போய்விட்டது, வேறொருவரும் தொடவில்லை.

*சூழல் 3.* கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கும் சக வீரரின் கையில் எறிபவர் பந்தை அப்படியே கொடுத்துவிடுகிறார்.

தீர்ப்பு: விதிமீறல். பந்து எறிபவரின் கையை விட்டுப் பிரிந்து போகவேண்டும். கைமாற்றிக் கொடுத்தால் அது த்ரோ-இன் ஆகாது.

*சூழல் 4.* சுற்றிலும் அடைத்துவிட்டார்கள். எறிபவர் முதுகைக் காட்டி நிற்கும் எதிரணி வீரர்மேல் பந்தை மெதுவாகப் பட எறிகிறார். தெறித்துவரும் பந்தைக் களத்துக்குள் வந்து பிடித்து, கூடையில் போடுகிறார்.

தீர்ப்பு: கூடை செல்லும். பந்து இன்னொரு வீரர்மேல் பட்டதும் த்ரோ-இன் முடிந்துவிட்டது, கடிகாரம் ஓடியிருக்க வேண்டும். ஆனால் எறிபவர் உள்ளே வருவதற்கு முன், கால் இன்னும் வெளியே இருக்கும்போதே பந்து அவர்மேல் பட்டால் கதை மாறுகிறது. வெளியே நிற்பவர்மேல் பட்டதால் பந்து வெளியே போய்விட்டது. வெளியே போகக் காரணமும் அவரே. பந்து எதிரணிக்கு. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே இருப்பது ஒரு காலடி மட்டுமே, ஆகவே உங்கள் கண் பந்தின் பின்னால் ஓடாமல் எறிபவரின் காலிலும் இருக்கவேண்டும்.

*சூழல் 5.* கூடை விழுந்த பிறகு கடைக்கோட்டுக்குப் பின்னால் இரண்டு வீரர்கள் தங்களுக்குள் பந்தை மாற்றிக்கொள்கிறார்கள்.

தீர்ப்பு: தவறில்லை. எதிரணி கூடை போட்ட பிறகோ கடைசி ஃப்ரீ த்ரோ விழுந்த பிறகோ எறியும்போது கடைக்கோட்டின் நெடுகிலும் நகரலாம், வெளியே நிற்கும் சக வீரருக்கும் கொடுக்கலாம். ஆனால் ஐந்து விநாடி முதலாமவர் வசம் பந்து வந்த கணத்திலிருந்தே எண்ணப்படும். இரண்டாமவருக்குப் புதுக்கணக்கு கிடையாது. கூடை விழுந்த பின் டைம் அவுட் எடுத்து, பிறகு கடைக்கோட்டிலிருந்தே தொடர்ந்தாலும் இந்த உரிமை போவதில்லை. மற்ற எல்லா த்ரோ-இன்னிலும் வெளியே நிற்கும் சக வீரருக்குப் பந்தைக் கொடுப்பது விதிமீறல்.

*சூழல் 6.* முன்னிலையில் உள்ள எதிரணி நேரத்தைக் கடத்துகிறது. பின்தங்கிய அணி வீரர் பந்தைத் தரையில் உருட்டிவிடுகிறார். சக வீரர் அதைத் தொடாமல் கூடவே நடந்து மையக்கோட்டை நெருங்குகிறார்.

தீர்ப்பு: தவறில்லை. பந்து கையை விட்டதும் ஐந்து விநாடி எண்ணிக்கை முடிந்தது. ஒருவரும் தொடாதவரை ஆட்டக் கடிகாரமும் ஓடாது, ஷாட் கிளாக்கும் ஓடாது, எட்டு விநாடி எண்ணிக்கையும் தொடங்காது. எதிரணி விரும்பினால் ஓடிவந்து தொடட்டும். கடிகாரத்தை இயக்குபவர் அவசரப்பட்டு ஓட்டிவிடாமல் இருக்கிறாரா என்று பார்ப்பதுதான் உங்கள் வேலை.

என்பிஏ ரசிகர்கள் கேட்கும் ஒன்றையும் இங்கே தீர்த்துவிடுவோம். எறியமுடியாமல் தவிக்கும் வீரர் அங்கே நின்றபடியே டைம் அவுட் கேட்பதை அவர்கள் பார்த்திருப்பார்கள். ஃபிபா ஆட்டத்தில் அது முடியாது. டைம் அவுட்டைப் பயிற்சியாளர் ஸ்கோரர் மேஜை வழியாகத்தான் கேட்கமுடியும். பந்து எறிபவர் வசம் போன கணத்திலேயே அந்த வாய்ப்பும் மூடிவிடுகிறது.

கோட்டைத் தாண்டும் கை

எறிபவருக்கும் தடுப்பவருக்கும் நடுவே கோட்டின் மேல் ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர் இருக்கிறது. எறிபவர் அதைத் தாண்டிக் கையை நீட்டலாம். தடுப்பவர் தாண்டக் கூடாது. எறியும் வேகத்தில் பந்தோடு எறிபவரின் கை களத்தின் மேல் வந்துவிட்டால்கூட, கையில் இருக்கும் அந்தப் பந்தைத் தொடாமல் இருப்பது தடுப்பவரின் பொறுப்பு. இதைப் பல வீரர்கள் ஏற்க மறுப்பார்கள். “சார், பந்து உள்ளேதானே இருந்துச்சு!” என்பார்கள். பந்து எங்கே இருந்தது என்பதைவிட, அது கையை விட்டதா என்பதே இங்கே கேள்வி. இரண்டாம் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் தடுப்பவர் தொடக் கூடாது.

ஆட்டத்தின் எந்தக் கட்டம் என்பதைப் பொறுத்து நடவடிக்கை மாறும். நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்துக்கு முன்பு இது நடந்தால் ஆட்டத்தைத் தாமதப்படுத்திய விதிமீறல். த்ரோ-இன் மீண்டும் கொடுக்கப்படும். அந்த வீரருக்கு வாய்மொழி எச்சரிக்கை கொடுத்து, பயிற்சியாளரிடமும் தெரிவிக்கவேண்டும். அந்த எச்சரிக்கை ஆட்டம் முடியும்வரை அந்த அணி முழுமைக்கும் பொருந்தும். இன்னொருவர் அதையே செய்தால் டெக்னிக்கல் ஃபவுல் வரலாம்.

நான்காவது குவார்ட்டரிலும் கூடுதல் நேரத்திலும் கடிகாரம் 2:00 அல்லது அதற்குக் கீழே காட்டும்போது, பந்தைக் கொடுக்கும் முன்பே கோட்டைத் தாண்டக் கூடாது என்ற எச்சரிக்கைச் சைகையை நடுவர் காட்டியாக வேண்டும். அதன் பிறகும் தாண்டினால் வேறு எச்சரிக்கை கிடையாது, நேரே டெக்னிக்கல் ஃபவுல். சைகையைக் காட்ட மறந்த நடுவர் அந்த டெக்னிக்கலை விளக்கும்போது திண்டாடுவார். சைகை தடுப்பவருக்குச் செய்யும் நியாயம், மறக்காதீர்கள்.

பள்ளி வளாகங்களில் உள்ள சிமென்ட் களங்களில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். கோட்டுக்கு வெளியே 2 மீட்டருக்குள் சுவரோ வேலியோ வேறு தடையோ இருந்தால், எறிபவரிடமிருந்து மற்ற எல்லா வீரர்களும் 1 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் களத்தைச் சுற்றி வந்து எந்தப் பக்கத்தில் இடம் குறைவு என்று குறித்துக்கொண்டு, இரு பயிற்சியாளர்களிடமும் சொல்லிவிடுங்கள். முன்பே சொல்லியிருந்தால், ஆட்டத்தின் நடுவில் யாரும் புதுச்சட்டம் என்று நினைக்கமாட்டார்கள்.

பந்து எங்கிருந்து மீண்டும் வரும்?

த்ரோ-இன் தீர்ப்புகளில் அதிகம் தவறுவது இங்கேதான். யாருக்குப் பந்து என்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு, இடத்தைத் தவறாகக் காட்டுகிறார்கள்.

*சூழல் 7.* தன் கூடைப் பக்கக் கடைக்கோட்டிலிருந்து ஏ அணி வீரர் நீண்ட பாஸ் வீசுகிறார். பந்து ஒருவர் கையிலும் படாமல் எதிர்க்கோடிக் கடைக்கோட்டைத் தாண்டிப் போய்விடுகிறது.

தீர்ப்பு: பி அணிக்குப் பந்து. இடம், பந்து வெளியே போன இடம் அல்ல; த்ரோ-இன் எறியப்பட்ட இடம். தொடப்படாத த்ரோ-இன் முடியவே இல்லை, ஆகவே விதிமீறல் எறிபவருடையது. அவர் நின்ற இடத்திலிருந்தே தொடரவேண்டும். பி அணி தாக்கும் கூடைக்குக் கீழேயே பந்து வருகிறது என்றால் இதன் விலை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

*சூழல் 8.* அதே பாஸ் சக வீரர் ஏ5இன் விரல்நுனியில் பட்டு வெளியே போகிறது. அல்லது ஏ5 பக்கக்கோட்டை ஒரு காலால் மிதித்தபடி பந்தைப் பிடிக்கிறார்.

தீர்ப்பு: இரண்டிலும் பந்தை வெளியே அனுப்பியவர் ஏ5. பந்து வெளியே போன இடத்துக்கு அருகிலிருந்து பி அணி எறியும்.

ஆக, மூன்றாம் நான்காம் கேள்விகளுக்கான விடை, இடத்தையும் சொல்லிவிடுகிறது. ஒருவரும் தொடவில்லையென்றால் பழைய இடம், தொட்டிருந்தால் புதிய இடம்.

கம்பியில் பட்டது, ரிங்கில் நின்றது

1965 ஏப்ரல் 15. பாஸ்டன் கார்டன் அரங்கில் என்பிஏ கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். பாஸ்டன் செல்டிக்ஸ் 110-109 என்று பிலடெல்ஃபியாவைவிட ஒரு புள்ளி முன்னிலை, 5 விநாடி மீதம். பந்தை உள்ளே எறிய வேண்டியவர் பில் ரஸ்ஸல், அந்தக் காலத்தின் தலைசிறந்த தற்காப்பு வீரர். அவர் எறிந்த பந்து போர்டைத் தாங்கும் இழுகம்பியில் பட்டது. நடுவர் தயங்கவில்லை; பந்து பிலடெல்ஃபியாவுக்குப் போனது. அடுத்து ஹால் க்ரீர் எறிந்த பந்தை ஜான் ஹாவ்லிசெக் தட்டிப் பறித்ததால் பாஸ்டன் பிழைத்தது. பறித்தவரின் பெயர்தான் வரலாற்றில் நின்றது. நடுவராக நீங்கள் நினைவில் வைக்கவேண்டியது அதற்கு முந்தைய விசிலை. சொந்த ஊர்க் கூட்டம், ஒரு புள்ளி வித்தியாசம், ஏழாவது ஆட்டம், மாபெரும் வீரர் என்ற எதுவும் அந்தத் தீர்ப்பை அசைக்கவில்லை.

ஃபிபா விதியிலும் போர்டின் தாங்கிகள், போர்டின் பின்புறம், களத்தின் மேல் தொங்கும் எந்தப் பொருளானாலும் அதில் பந்து பட்டால் வெளியே போனதாகவே கணக்கு. திறந்தவெளிக் களத்தில் மேலே நீண்டிருக்கும் மரக்கிளை, விளக்குக் கம்பி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

*சூழல் 9.* த்ரோ-இன் பந்து ஒருவர்மேலும் படாமல் நேரே கூடைக்குள் விழுகிறது.

தீர்ப்பு: புள்ளி இல்லை, விதிமீறல். எறிந்த இடத்திலிருந்து எதிரணி எறியும்.

*சூழல் 10.* பந்து ரிங்குக்கும் போர்டுக்கும் இடையில் சிக்கிக்கொள்கிறது.

தீர்ப்பு: இது எறிபவரின் விதிமீறல் அல்ல. ஜம்ப் பால் சூழலாகக் கருதி, ஸ்கோரர் மேஜையில் உள்ள அம்புக்குறி யாரைக் காட்டுகிறதோ அவர்களுக்குப் பந்து.

*சூழல் 11.* ரிங்குக்கு மேலே வரும் த்ரோ-இன் பந்தை சக வீரர் எம்பிப் பிடித்து அப்படியே கூடைக்குள் திணிக்கிறார்.

தீர்ப்பு: கூடை செல்லும். கோல்டெண்டிங் என்பது கூடையை நோக்கிய ஷாட்டுக்கு உரிய விதி. த்ரோ-இன் ஷாட் அல்ல. நேராக விழுந்தாலும் அதற்குப் புள்ளி கிடையாது. புள்ளியாக முடியாத பந்தைத் தடுத்தார் என்றோ முந்திக்கொண்டார் என்றோ எப்படிச் சொல்வது?

2021 ஜூன் 22 அன்று ஃபீனிக்ஸ் நகரில் நடந்த என்பிஏ மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தை இந்த நியாயமே முடித்துவைத்தது. 0.9 விநாடி மீதம், சன்ஸ் அணி ஒரு புள்ளி பின்னால். கடைக்கோட்டிலிருந்து ஜே க்ரௌடர் ரிங்கை நோக்கியே பந்தை மேலே எறிந்தார், டியாண்ட்ரே ஏய்ட்டன் எம்பி அதை உள்ளே திணித்தார். 104-103. எதிரணியும் எம்பித் தட்டியிருக்கலாம், விதி தடுத்திருக்காது.

மையக்கோடும் காற்றில் இருக்கும் வீரரும்

முன்களத்தில் நடக்கும் த்ரோ-இன்னை ஃபிபா விதிப்படி பின்களத்துக்குள் எறியமுடியாது. இதற்கு விலக்கு, முதல் குவார்ட்டர் தவிர மற்றவை தொடங்கும்போது, ஸ்கோரர் மேஜைக்கு எதிர்ப்பக்கம் மையக்கோட்டின் இருபுறமும் ஒவ்வொரு கால் வைத்து எறியும் த்ரோ-இன். அதைக் களத்தின் எந்தப் பகுதிக்கும் அனுப்பலாம்.

*சூழல் 12.* முன்களத்திலிருந்து எம்பிய ஏ5, காற்றில் இருக்கும்போதே தன் அணியின் த்ரோ-இன் பந்தைப் பிடித்துப் பின்களத்தில் இறங்குகிறார்.

தீர்ப்பு: பின்களத்துக்குத் திரும்பிய விதிமீறல். அடிக்கோடிடச் சொன்ன வாக்கியம் இங்கே வேலை செய்கிறது. எறிபவர் வசம் பந்து வந்தபோதே ஏ அணியின் கட்டுப்பாடு தொடங்கிவிட்டது. ஏ5 காற்றில் புதிதாக எதையும் பெறவில்லை.

*சூழல் 13.* அதே பந்தை பி அணி வீரர் தன் முன்களத்திலிருந்து எம்பி, காற்றில் பறித்து, தன் பின்களத்தில் இறங்குகிறார்.

தீர்ப்பு: தவறில்லை. அவர் காற்றில் இருக்கும்போது தன் அணிக்குப் புதிய கட்டுப்பாட்டை உண்டாக்கினார். அப்படிப்பட்டவர் எங்கே இறங்கினாலும் விதி விலக்களிக்கிறது. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு தாவல்களுக்கு இரண்டு தீர்ப்பு. காரணம் தெரிந்த நடுவர் இதைப் பயிற்சியாளருக்கு ஒரே வரியில் விளக்கிவிடுவார்.

அம்புக்குறி எப்போது திரும்பும்?

அம்புக்குறி முறையில் கிடைத்த த்ரோ-இன் முடியும்போதுதான் அம்பு எதிரணிப் பக்கம் திரும்பவேண்டும். பந்தைக் கொடுத்ததும் திருப்புவது ஸ்கோரர் மேஜையில் வழக்கமாக நடக்கும் அவசரம்.

களத்தில் ஒருவர் முறைப்படி தொட்டாலோ, எறியும் அணியே விதிமீறல் செய்தாலோ, பந்து ரிங்குக்கும் போர்டுக்கும் இடையில் சிக்கினாலோ அந்த த்ரோ-இன் முடியும். அதற்கு முன் எந்த அணி ஃபவுல் செய்தாலும் அம்பு திரும்பாது. எதிரணி வீரர் பந்தை வேண்டுமென்றே காலால் உதைத்தால்? உதைத்தது முறையான தொடுதல் அல்ல. அந்த த்ரோ-இன் முடியவில்லை. உதைத்ததற்காக எறியும் அணிக்கு இன்னொரு த்ரோ-இன் கிடைக்கும், அடுத்த அம்புக்குறி வாய்ப்பும் அந்த அணிக்கே இருக்கும். ‘முறைப்படி’ என்ற சொல் மூன்றாம் கேள்வியில் இருப்பது இதற்காகத்தான்.

அம்பைத் தவறாகப் பார்த்து எதிரணிக்குப் பந்தைக் கொடுத்துவிட்டால், களத்தில் ஒருவர் தொடும்வரை திருத்தலாம். தொட்ட பிறகு திருத்தமுடியாது. ஆனால் இழந்த அணிக்கு அடுத்த வாய்ப்பு உறுதி.

கடைசி 2 நிமிடம்

நான்காவது குவார்ட்டரின் கடைசி 2 நிமிடத்திலும் கூடுதல் நேரங்களின் கடைசி 2 நிமிடத்திலும் மூன்று விஷயங்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

*இடத்தைத் தேர்ந்தெடுத்தல்.* பின்களத்தில் பந்து கிடைக்கவேண்டிய அணி டைம் அவுட் எடுத்தால், அங்கிருந்தே எறிவதா, முன்களத்தில் உள்ள த்ரோ-இன் கோட்டிலிருந்து எறிவதா என்று அதன் பயிற்சியாளர் முடிவு செய்யலாம். ஸ்கோரர் மேஜைக்கு எதிர்ப்பக்கம், கடைக்கோட்டிலிருந்து 8.325 மீட்டரில் இருக்கும் சிறு கோடு அது. முன்களம் என்றால் ஷாட் கிளாக்கில் 14 அல்லது அதற்கு மேல் இருந்தால் 14. 13 அல்லது குறைவாக இருந்தால், பந்து வெளியே போனதால் கிடைத்த த்ரோ-இன்னில் இருப்பது தொடரும், எதிரணியின் ஃபவுலாலோ விதிமீறலாலோ கிடைத்ததில் 14. பயிற்சியாளரிடம் தெளிவாகக் கேட்டு, உரக்கத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். சொன்ன முடிவை அவர் பிறகு மாற்றமுடியாது.

*த்ரோ-இன் ஃபவுல்.* 2022 முதல் வந்த விதி. பந்து இன்னும் நடுவர் கையிலோ எறிபவர் வசமோ இருக்கும்போது, களத்துக்குள் தடுக்கும் அணி ஃபவுல் செய்தால், ஃபவுல் செய்யப்பட்டவருக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, கூடவே அதே அணிக்கு மீண்டும் பந்து. அணி ஃபவுல் எண்ணிக்கையை இதற்குப் பார்க்கத் தேவையில்லை. பந்து கையை விட்ட பிறகு நடந்தால் இது சாதாரண ஃபவுல். அந்தக் கணத்தைப் பிடிப்பதற்கு நடுவர்கள் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பந்தைக் கொடுத்தவர் எறிபவரின் கையைப் பார்க்கட்டும், மற்றவர் களத்துக்குள் உடல்கள் மோதுவதைப் பார்க்கட்டும்.

தாக்கும் அணி வீரர் தவறான ஸ்கிரீன் போட்டு ஃபவுல் செய்தால், அது கட்டுப்பாட்டில் உள்ள அணியின் ஃபவுல். எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ இல்லை, பந்து மட்டும்.

*0.3 விநாடி.* கடிகாரத்தில் 0.3 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் த்ரோ-இன் பந்தைப் பிடித்து ஷாட் போடமுடியும். 0.2 அல்லது 0.1 இருந்தால் தட்டிவிடுவதோ நேரடியாகத் திணிப்பதோ மட்டுமே செல்லும். இந்த எல்லை ஓர் ஆட்டத்திலிருந்து பிறந்தது. 1990 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், 0.1 விநாடி மீதமிருக்கும்போது மார்க் ஜாக்சன் எறிந்த பந்தை ட்ரென்ட் டக்கர் பிடித்து மூன்று புள்ளிக் கூடை போட்டார். சிகாகோ புல்ஸ் தோற்றது. அவ்வளவு நேரத்தில் மனிதரால் பிடித்து எறியமுடியுமா என்ற கேள்வி எழுந்து, அடுத்த பருவத்தில் என்பிஏ இந்த விதியைக் கொண்டுவந்தது. 2004 மே 13 அன்று சான் அன்டோனியோவில் 0.4 விநாடியில் கேரி பேட்டன் எறிய, டெரெக் ஃபிஷர் பிடித்துத் திரும்பிப் போட்ட கூடை 74-73 என்று லேக்கர்ஸை வெல்லவைத்தது. 0.3ஐத் தாண்டியிருந்ததால் அது முறையான ஷாட். பந்தைக் கொடுக்கும் முன் கடிகாரத்தில் விநாடியின் பத்தில் ஒரு பங்கையும் வாசித்து, சக நடுவருக்குச் சைகையால் சொல்லுங்கள்.

மியூனிக், 1972

த்ரோ-இன்னை நடத்துவதில் ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒலிம்பிக் வரலாற்றிலேயே பாடம் இருக்கிறது. மியூனிக் ஒலிம்பிக் இறுதி ஆட்டம், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும். 3 விநாடி மீதமிருக்கும்போது டக் காலின்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு அமெரிக்காவை 50-49 என்று முன்னே கொண்டுவந்தார். சோவியத் அணி பந்தை உள்ளே எறிந்தது. டைம் அவுட் கேட்டோம் என்று அதன் தரப்பினர் ஸ்கோரர் மேஜையருகே கூச்சலிட, 1 விநாடி மீதத்தில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. ஃபிபா பொதுச்செயலாளர் வில்லியம் ஜோன்ஸ் தலையிட்டு, 3 விநாடியையும் திரும்பக் கொடுக்கச் சொன்னார். இரண்டாவது முறை, கடிகாரம் சரியாக மாற்றப்படும் முன்பே பந்து கொடுக்கப்பட்டது. ஒலி எழுந்தது, அமெரிக்கர்கள் கொண்டாடத் தொடங்கினார்கள். மீண்டும் களம் காலிசெய்யப்பட்டது.

மூன்றாவது முறை இவான் யெதெஷ்கோ எறிந்தார். அவர் எதிரே கை உயர்த்தி நின்றவர் உயரமான டாம் மெக்மில்லன். பல்கேரிய நடுவர் அர்த்தெனிக் அரபாஜியான் காட்டிய சைகையைத் தள்ளி நிற்கச் சொன்னதாகப் புரிந்துகொண்டு மெக்மில்லன் பின்வாங்கினார். தடையில்லாமல் பறந்த நீண்ட பாஸை அலெக்சாண்டர் பெலோவ் பிடித்துக் கூடையில் போட்டார். 51-50. இன்னொரு நடுவரான பிரேசிலின் ரெனாட்டோ ரிகெட்டோ ஸ்கோர் தாளில் கையெழுத்திட மறுத்தார். அமெரிக்காவின் முறையீட்டை மேல்முறையீட்டுக் குழு 3-2 என்று தள்ளியது. அந்த வெள்ளிப் பதக்கங்களை அமெரிக்க வீரர்கள் வாங்கவே இல்லை.

அரசியலைத் தள்ளிவைத்துப் பார்த்தாலும், இங்கே நடுவர்களுக்கு இரண்டு பாடங்கள் தெளிவாக இருக்கின்றன. மேஜையும் கடிகாரமும் தயார் என்று உறுதியாகும் முன் பந்தைக் கொடுக்கக் கூடாது. வீரர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்ளக்கூடிய சைகையைக் காட்டக் கூடாது.

பந்தைக் கொடுக்கும் முன்

- எந்த அணி, எந்த இடம் என்பதை விரலால் காட்டி, வாயாலும் சொல்லுங்கள். போர்டுக்கு நேர் பின்னால் இடம் தரக் கூடாது.
- ஸ்கோரர் மேஜையைப் பாருங்கள். மாற்று வீரர், டைம் அவுட் கோரிக்கை ஏதும் காத்திருக்கிறதா?
- ஆட்டக் கடிகாரம், ஷாட் கிளாக் இரண்டையும் வாசியுங்கள்.
- களத்தில் இருப்பவர்களை எண்ணுங்கள்.
- கடைசி 2 நிமிடம் என்றால் எச்சரிக்கைச் சைகையைக் காட்டுங்கள்.
- எறிபவர் சரியான இடத்தில் நிற்கும்போது மட்டும் பந்தைக் கொடுங்கள். தட்டிக் கொடுப்பதானால் அவரிடமிருந்து 4 மீட்டருக்குள் நில்லுங்கள்.
- கை அசைத்து ஐந்தை எண்ணுங்கள். களத்தில் ஒருவர் தொட்டதும் கையை இறக்கிக் கடிகாரத்தை ஓடவிடுங்கள்.

பயிற்சி

விடையைப் பார்க்கும் முன், நான்கு கேள்விகளையும் வாய்விட்டுச் சொல்லிப் பதில் தேடுங்கள்.

1. எறிபவர் கடைசி நொடியில் 2 மீட்டர் பின்னால் ஓடி, முன்வந்து எறிகிறார். *தவறில்லை, 1 மீட்டர் எல்லை பக்கவாட்டுக்கு மட்டும். ஐந்து விநாடி தாண்டாமல் இருந்தால் போதும்.*
2. பக்கக்கோட்டை மிதித்தபடி நிற்கும் பி அணி வீரர்மேல் த்ரோ-இன் பந்து படுகிறது. *பந்தை வெளியே அனுப்பியவர் அவர். பந்து பட்ட இடத்தருகே ஏ அணிக்கு த்ரோ-இன்.*
3. முன்களத்தில் ஏ அணி எறிந்த பந்தை முன்களத்திலேயே பி அணி வீரர் தட்ட, அது பின்களத்துக்கு ஓடுகிறது. ஏ அணி வீரர் எடுக்கிறார். *தவறில்லை, முன்களத்தில் கடைசியாகத் தொட்டவர் பி அணியினர்.*
4. நான்காவது குவார்ட்டர், 0:40 மீதம். பந்து காற்றில் இருக்கும்போது பி அணி வீரர் ஏ5ஐப் பிடித்து இழுக்கிறார். *பந்து கையை விட்டாயிற்று. த்ரோ-இன் ஃபவுல் அல்ல. பி அணிக்கு அந்தக் குவார்ட்டரில் இது ஐந்தாவது அல்லது அதற்கு மேற்பட்ட அணி ஃபவுல் என்றால் இரண்டு ஃப்ரீ த்ரோ.*
5. 0.2 விநாடி மீதம். ஏ5 பந்தைப் பிடித்து, ஒலி எழும் முன் எறிந்துவிட்டது போலத் தெரிகிறது, பந்து விழுகிறது. *புள்ளி இல்லை. பிடித்துவிட்டாலே அந்த ஷாட் செல்லாது.*

எந்த விடை தவறினாலும், நான்கில் எந்தக் கேள்வியைத் தாண்டிப் போனீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியில்தான் தவறுவீர்கள். அடுத்த பயிற்சி ஆட்டத்தில் ஒவ்வொரு த்ரோ-இன்னிலும் அந்த ஒன்றை மட்டும் மனத்துக்குள் கேளுங்கள். அது பழகிய பிறகு மற்ற மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீரர்கள் ஐந்து விநாடிக்குள் எறியப் பழகுவதுபோல, அந்த ஐந்து விநாடிக்குள் இந்த நான்கையும் கேட்டுவிடுவது நடுவரின் பயிற்சி.